ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

"ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்!

"சொச்சமா? ஏளா, ஒம் பேருல முதல் ரெண்டு எழுத்தச் சொல்லி மிச்சத்தச் சொச்சம்னு கூப்பிட்டா நீ திரும்பிப் பாப்பியா?" என்றார். பிறகு ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி முழு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. நான் திருப்பிச் சொல்லும்வரை நகரவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படி ஒப்பிக்க வைத்ததில்லை.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டாகுமென்டேஷன் பிரிவில் இருந்தபோது அவர் அங்கே போர்டிங் கிளார்க். கப்பல் வந்து சேர்ந்ததும் முதல் ஆளாக ஏறிப்போய், கேப்டனிடம் காகிதங்களை வாங்கிச் சரிபார்த்து, கரைக்குக் கொண்டுவருகிற வேலை. மாதா கோயில் பக்கத்துத் தெருக்காரர். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து பி.எஸ்சி. கணக்கு படித்தவர். பெயர் வேண்டாம். மகள் அதே தெருவில்தான் இருக்கிறாள். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஏழுமூணு'. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் சிரிப்பார்.

நான் சேர்ந்த முதல் நாளே கால்குலேட்டரில் அந்த எண்ணை அடித்து என் மேசையில் வைத்தார். 73939133.

"இத எதாலயாவது மிச்சமில்லாம வகுத்துக் காட்டு பாப்போம். பரோட்டா என் செலவு."

எனக்குக் கணக்கு என்றாலே ஆகாது. ஆனால் புது இடம், வீம்பு விடவில்லை. மூன்றால் வகுத்தேன், ஏழால் வகுத்தேன், பதின்மூன்று, பதினேழு என்று மதியச் சாப்பாட்டு நேரம் பூராவும் வகுத்தேன். ஒவ்வொரு தடவையும் புள்ளிக்குப் பின்னால் வால் நீண்டது. சுற்றிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் ஏற்கெனவே மாட்டி முழித்தவர்கள்தான்.

"ஒடையாது. பகா எண்ணு. சரி, கடைசில உள்ள மூணத் தட்டிவிடு. இப்ப மிச்சத்த ஒடைச்சுப் பாரு" என்றார். 7393913. அதுவும் உடையவில்லை. அதிலும் கடைசி இலக்கத்தை எடுத்தால் 739391. அதுவும் பகா எண். 73939, 7393, 739, 73, 7. வாலிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தாலும், மிஞ்சி நிற்பதை ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதாலும் வகுக்க முடியாது. இப்படிப்பட்ட எண்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றனவாம். ஆனால் அவற்றிலேயே பெரியது இதுதான்.

"இதுக்குப் பின்னால எதையும் சேக்க முடியாதுளா. ஒத்த இலக்கம் முடியாது. ஒண்ணு வையி, மூணால போயிரும். ஏழு வையி, அதுவும் மூணால போயிரும். மூணு வச்சாலும் ஒம்பது வச்சாலும் வேற ஏதாவது ஒரு பெரிய எண்ணு வந்து ஒடச்சிரும். இரட்டப்படையும் அஞ்சும் பேச்சே இல்ல. எடுக்கத்தான் முடியும், சேக்க முடியாது."

"அப்ப கடைசில நிக்க ஏழையும் எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"எடுக்கப்படாது" என்றார். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. நான் விளையாட்டுக்குத்தான் கேட்டேன்.

கப்பலில் ஏறப்போகும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஏழு இலக்கத்தில் ஒரு நிரந்தர எண் உண்டு. கப்பல் கை மாறலாம், பேர் மாறலாம், கொடி மாறலாம், அந்த எண் மட்டும் மாறாது. பின்பக்கத்து இரும்பில் பெரிதாகப் பொறித்திருப்பார்கள். அந்த ஏழில் கடைசி இலக்கம் காவலுக்கு நிற்கிற இலக்கம். முதல் ஆறு இலக்கங்களையும் வரிசையாக ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று பெருக்கிக் கூட்டினால், வருகிற விடையின் கடைசி இலக்கமும் எண்ணின் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ தப்பு. கப்பலுக்குக் கொண்டுபோய் விடுகிற லாஞ்சுப் படகில் அண்ணாச்சி நின்று, அண்ணாந்து பார்த்து, வாய்விட்டுப் பெருக்குவார். மேலே நிற்கிற மாலுமிகள் இந்த ஆள் ஜெபம் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை ஒரு கப்பலிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த காகிதங்களில் ஒரு இலக்கம் இடம்மாறி விழுந்திருந்ததை ஏணியில் ஏறும்போதே பிடித்துவிட்டார். கேப்டன் கத்தினான், பிறகு மன்னிப்புக் கேட்டான். அதற்குப் பிறகு தெருவில் அவர் மதிப்பு ஏறிவிட்டது. வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போகிற பையன்கள் எல்லாரும் முதலில் கப்பலின் எண்ணை அவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டி கட்டினார்கள். அவர் முதலில் பெருக்கிப் பார்ப்பார். பிறகு ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டு, கப்பலின் பேரும் வயதும் சரிதானா என்று பார்ப்பார். "பெருக்கல் பாதி, கம்ப்யூட்டர் பாதி. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் போகணும்" என்பார். அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போனவன் ஒருத்தன், ஏதோ ஒரு நாட்டில் சம்பளமில்லாமல் கிடந்து, இளைத்துத் துரும்பாகித் திரும்பி வந்தான். அதற்கு மேல் யாரும் அவர் பேச்சைத் தட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் கண்ணெல்லாம் மின்ன வந்தார். முந்தின நாள் பூசையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியதாம். எட்டு இலக்கத்தில் கடைசியாக நிற்கிற ஒரு மூன்றைத் தட்டிவிட்டால் மிஞ்சுவது ஏழு இலக்கம். கப்பலுக்கும் ஏழு இலக்கம்.

"போட்டுப் பாருளா" என்று காகிதத்தை நீட்டினார். 7393913. நான் போட்டேன். நாற்பத்தொன்பது, பதினெட்டு, நாற்பத்தைந்து, பன்னிரண்டு, இருபத்தேழு, இரண்டு. கூட்டினால் நூற்று ஐம்பத்து மூன்று. கடைசி இலக்கம் மூன்று. எண்ணிலும் கடைசி மூன்றுதான்.

"ஒத்து வருதா? கப்பல் நம்பராவும் நிக்குது! அதுவும் கூட்டுத்தொக எவ்வளவு? நூத்தி அம்பத்து மூணு! வல நெறைய மீனு, வல கிழியல, எத்தன மீனு? கோயில்ல வாசிப்பாவளே, நூத்தி அம்பத்து மூணு! நீ சாத்தாங்குளத்துக்காரி, ஒனக்கும் தெரியணும்லா."

தெரியும். எங்கள் கோயிலிலும் வாசிப்பார்கள், இயேசு சொன்ன பக்கம் வலை போட்டதும் சீடர்களுக்குக் கிடைத்த மீன்களின் கணக்கு அது. எனக்குமே ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கப்பலுக்காகக் காத்திருந்தார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே காத்திருந்தார். வருகிற கப்பல்களின் பட்டியல் காலையில் வந்ததும் எண்களை ஓட்டமாகப் பார்ப்பார். "ஒங்க கப்பல் வந்துட்டா அண்ணாச்சி?" என்று டீக்கடையில்கூடக் கேலி செய்வார்கள். "வரும்டே" என்பார். இத்தனைக்கும் அவருக்கே தெரியும், பழைய கப்பல்களுக்கு முதல் இரண்டு இலக்கமும் பெரும்பாலும் அது பிறந்த வருஷம். "எழுவத்து மூணுல பொறந்த கப்பலு. இருந்தா படுகெழடு. இல்ல, என்னைக்கோ ஒடச்சு இரும்புக்குப் போட்டுருப்பானுவ" என்று அவரே ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாளும் பட்டியலைப் பார்த்தார்.

அவருடைய மனைவி இறந்தபோது நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி ஆரம்பித்து வேறு மாதிரி முடிந்தது. மகளுக்கு அப்போது கல்லூரி வயது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடக்கும்போது அவர் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"கடைசி ஒண்ணு போயிருக்குளா. மிச்சம் நிக்கும். ஒடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாயைப் புதைத்துவிட்டு வருகிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அவள் நின்று திரும்பிப் பார்த்து, "ஏம்ப்பா, அம்மாதான் கடைசி இலக்கமா?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறுதல் சொல்ல அவருக்கு வேறு பாஷை தெரியாது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்றைக்குப் புரியவில்லை, ரொம்பக் கோபமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஆனால் அந்தப் பெண்ணை அவர் வளர்த்ததில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் மீன் கழுவி, குழம்பு வைத்து, அவளுக்கு டிபனும் கட்டிக் கொடுத்துவிட்டு, கையில் மீன் வாசத்தோடு ஆபீஸுக்கு வருவார். அவள் ஒரு தோணிக்காரப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது மறுபேச்சுப் பேசவில்லை. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற தோணியில் வேலை பார்த்த பையன். நல்ல உழைப்பாளி. தாய் தகப்பன் இல்லாததால் இவர்கள் வீட்டோடேயே வந்து இருந்துவிட்டான். மாமா என்றால் அவனுக்கு உயிர். பெரிய கப்பலுக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. பயிற்சி முடித்துச் சான்றிதழ் எல்லாம் வாங்கி வைத்திருந்தான். இரண்டு தடவை வாய்ப்பு வந்து, "வேண்டாம்டே, கப்பல் சரியில்ல" என்று இவர் சொன்னதும் பேசாமல் விட்டுவிட்டான்.

மூன்றாவதாக வந்த வாய்ப்பு மகளுக்குப் பிடிக்கவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் அப்பா துறைமுகத்துக்குப் போயிருந்ததால் என்னிடம் சொன்னாள்.

"அக்கா, அந்த ஏஜென்ட்டப் பத்தி விசாரிச்சா ஒருத்தர்கூட நல்ல விதமாச் சொல்லல. எங்க வீட்டுக்காரரு நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. அப்பா வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அடங்கிருவாரு. அப்பா சொல்லிருவாவல்லா அக்கா?"

"கண்டிப்பாச் சொல்லுவாரு. ஒங்கப்பா பாக்காத கப்பலா?" என்றேன். அவள் நிம்மதியாகப் போனாள்.

அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்பதை அவளே எனக்குப் பிறகு சொன்னாள். மருமகன் போனை நீட்டியிருக்கிறான். கப்பலின் பின்பக்கத்துப் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி எண்ணைப் படித்தார். பிறகு விரலை மடக்கிக்கொண்டு, மெதுவாக, "நாப்பத்தொம்பது... அறுவத்தேழு... நூத்திப் பன்னெண்டு... நூத்தி இருவத்து நாலு... நூத்தி அம்பத்தொண்ணு... நூத்தி அம்பத்து மூணு" என்று கூட்டினார். மனப்பாடமாகத் தெரிந்ததைத் திரும்பவும் கூட்டினார். சிலுவை போட்டுக்கொண்டு போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போயிட்டு வாடே. இது வல கிழியாத கப்பலு."

"அப்பா, கம்ப்யூட்டர்ல பாக்கலியா?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

"இந்த நம்பரப் பாக்கணுமாக்கும்? இதப் பாத்துக்கிட்டுத்தானளா இத்தன வருசம் இருக்கேன்" என்றாராம்.

மருமகனை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று ஆபீஸுக்குப் பெட்டி நிறைய மக்ரூன் வாங்கி வந்தார். எல்லார் கையிலும் அவரே எடுத்து வைத்தார். "நம்ம கப்பல் வந்துட்டுதுடே! தூத்துக்குடிக்கு வரல, எம் மருமவன் அதுக்குப் போயிட்டான்!" எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். எங்கள் மேனேஜர் மட்டும், நல்ல மனிதர், ஒரு மக்ரூனைக் கடித்துக்கொண்டே யோசனையாகச் சொன்னார்:

"எழுவத்து மூணா அண்ணாச்சி? அம்பது வயசுக் கப்பல எவன் ஓட்டுதான் இப்ப?"

அண்ணாச்சி சிரித்த முகத்தோடேயே நின்றார். சிரிப்பு அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் அதன் பின்னால் இறங்கிப் போய்விட்டது. பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு அவருடைய கம்ப்யூட்டருக்குப் போனார். எண்ணை அடித்தார். அந்த எண்ணில் இப்போது ஓடுகிற கப்பல் எதுவும் கிடையாது என்று வந்தது. அழித்துவிட்டு ஒவ்வொரு இலக்கமாக விரலால் குத்தித் திரும்ப அடித்தார். அந்த எண்ணை அடிக்க அவர் யோசித்ததை அன்றுதான் பார்த்தேன். மறுபடியும் அதே பதில்.

மருமகனுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. மறுநாள்தான் பையன் பேசினான். கப்பலில் ஏறியாகிவிட்டது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "கொஞ்சம் பழசுதான் மாமா. பின்னால பழைய நம்பரச் சொரண்டிட்டு மேல புதுசா எழுதியிருக்கானுவ. ஆளுங்க நல்ல ஆளுங்கதான், நீங்க கவலப்படாதீங்க" என்று இவருக்கு ஆறுதல் சொன்னான்.

"எறங்கி வந்துருடே" என்றார் இவர். எங்கே இறங்குவது? கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது.

எவனோ ஒரு திருடன், தன் கப்பலின் சொந்த எண்ணை மறைப்பதற்கு, பெருக்கிப் பார்த்தால் பொருந்துகிற மாதிரி ஒரு எண்ணைத் தேடி எழுதியிருக்கிறான். உலகத்தில் அப்படிப் பொருந்துகிற எண்கள் எத்தனையோ லட்சம் இருக்கும். அவன் கைக்கு இதுதான் வந்தது. வேறு எந்த எண்ணாக இருந்திருந்தாலும் அண்ணாச்சி கம்ப்யூட்டரில் பார்த்திருப்பார். வேறு எதுவாக இருந்தாலும் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்ததுமே, "ஏலே, கெழட்டுக் கப்பலுடே" என்று போனைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

பிறகு அந்தப் பையனிடமிருந்து வந்ததெல்லாம் குரல் செய்திகள். அரிசி குறைகிறது, தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்கள், டீசல் இல்லை, விளக்கு இல்லை. ஒரு செய்தியில் காற்று இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டது. "கடல் மோசமா இருக்கு. பிள்ளயப் பாத்துக்கோ" என்று மட்டும் கேட்டது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

அண்ணாச்சி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. நானும் சில இடங்களுக்கு உடன் போனேன். எங்கே போனாலும் முதல் கேள்வி, கப்பல் நம்பர் என்ன? சொல்வார். தட்டிப் பார்ப்பார்கள். "அப்படி ஒரு கப்பல் இல்லையே" என்பார்கள். இல்லாத கப்பல் எப்படி மூழ்கும்? எங்கள் கப்பல் என்று சொல்ல ஒரு கம்பெனி இல்லை, ஒரு கொடி இல்லை. ஏஜென்ட்டின் கடை பூட்டிக் கிடந்தது.

"கணக்கு சரியாத்தான்ளா இருந்துச்சு" என்று ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். "கணக்குத் தெரிஞ்சவன்தான் பொய்யும் எழுதியிருக்கான். அத நான் யோசிக்கல பாத்தியா." அதன்பிறகு அவர் வாயிலிருந்து அந்த எண் வந்து நான் கேட்கவில்லை. லாஞ்சில் போகும்போது அண்ணாந்து பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். ஓய்வு பெறும்வரை ஏணியைப் பிடித்து ஏறிப்போய்க் காகிதங்களை வாங்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

நானும் ஆபீஸை விட்ட பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போன நேரம் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். பையன் போய்விட்டான் என்று ஒத்துக்கொண்டு கோயிலில் அவன் ஆன்மாவுக்கு ஒரு பூசை வைத்துவிடலாம் என்று மகளிடம் சொல்ல வந்தவர்கள். அவள் வருஷக்கணக்காக இதற்குச் சம்மதிக்கவில்லை. உடம்பைக் காட்டுங்கள், பிறகு பூசை வைக்கிறேன் என்பாள். அப்பாவுக்குச் சோறு போடுவாள், துணி துவைத்துப் போடுவாள், மாத்திரை எடுத்து வைப்பாள். அவரோடு பேச மாட்டாள். அண்ணாச்சி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்துவிட்டார்.

"எல்லாம் விதிதான் மக்களே. அவனுக்கு அங்கனதான் எழுதியிருந்திருக்கு. யாரு தடுத்தாலும் போயிருப்பான்" என்றாள் ஒரு சித்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும்கூட ஆட்டியிருப்பேன். அப்படித்தானே சொல்ல முடியும்?

மகள் சித்தியைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்பா. அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா அவரு போயிருப்பாரா?"

ஒரு பொய் சொல்லுங்கள் அண்ணாச்சி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். போயிருப்பான் என்று சொல்லுங்கள், யாருக்கு என்ன நஷ்டம்? அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"போயிருக்க மாட்டான்ளா."

சித்தி பதறிப்போனாள். "இதென்ன பேச்சு? பிள்ள வயித்தெரிச்சல ஏன் கூட்டுதீரு?" என்று அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மகள் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இத்தன வருசமா எல்லாரும் எங்கிட்ட வேற வேற சொல்லுதாங்க சித்தி. இப்பத்தான் ஒருத்தரு உள்ளதச் சொல்லியிருக்காரு" என்றாள். பிறகு, "சாமியார்ட்ட சொல்லிருங்க. பூசைக்கு அவரு பேர எழுதிருங்க" என்றாள்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டுக்குள் தோள் குலுங்கியது. யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.